சித்தூரில் மணம் புரிந்த ஜெர்மானியர்: குண்டர்ட் பண்டிதர் சரித்திரம்

ஒரு குடும்பத்தின் பூர்வோத்தரத்தை அறிய விரும்புவோர்க்குப் பெரிய சரித்திர நூல்கள் அதிகமாய் உதவுவதில்லை. அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் அவற்றிற் காணப்படும். நம் பாட்டனார் எவ்வூரினின்று எந்த மாதத்தில் எக்காரணம் பற்றிப் புறப்பட்டார் என்பது காணப்படாது. பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கும் பழங்கடிதம் ஒன்றே அதனைக் கூறவல்லது. அக்கடிதத்தின் தலைப்பில் ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். ஒரு தேதி இருக்கும். முடிவில் க்ஷேமம் விசாரிக்கப்பட்டவர்களின் பெயர்கள் வரிசையாய் நிற்கும். அம்மூன்றையுங் கொண்டு கோயிற் பதிவேடுகளையும் கப்பற் பிரயாணக் குறிப்புகளையும் ஒத்துப் பார்ப்பவன் தன் முன்னோர் நடந்த வழியில் தானும் திரும்பி நடந்து செல்லலாம்.

இவ்வண்ணம் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் கடிதங்களைப் பின்பற்றிச் செல்லுகிறவன் நம் வேலூருக்கு மிகச் சமீபத்தில் வந்து சேருகிறான் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. 1946ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்ற ஹெர்மன் ஹெஸ்ஸே என்பாரின் பெயரை நம் மாணவர் அறிவர். 1922ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது சித்தார்த்தன் என்னும் கதை பல பாஷைகளிற் பெயர்க்கப்பட்டுள்ளது. புத்தர் காலத்து இந்தியாவைப் பற்றி எழுதும் ஆவல் ஜெர்மனியின் ஒரு மலையூரிற் பிறந்த இவருக்கு எங்கிருந்து உண்டாயிற்று? அவர் குடும்பக் கடிதங்களை நோக்கினால், அவருடைய தாயார் மேரி 1842ஆம் ஆண்டில் மலையாள நாட்டுத் தலைச்சேரியிற் பிறந்தவர் எனத் தெரியவரும். அத்தாயாரைப் பெற்றோர் எங்கே மணந்தனர் என்று மேலும் வினவினால், விடை சித்தூர் என்பதாம். அம்மணமகனே ஹெர்மன் குண்டர்ட் என்னும் பண்டிதர். அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாய்க் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தூர் இன்று ஆந்திர தேசத்தைச் சேர்ந்ததாயினும், 1911ஆம் ஆண்டு வரையில் அது நம் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராய் விளங்கிற்று. அவ்வாண்டில் சித்தூர் தனி ஜில்லாவான பின்னரே வேலூர் அப்பதவியை அடைந்தது. வேலூரிலிருந்து காட்பாடி வழியாய் வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் சித்தூர். ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் நம் தோல் ஊர்களும் ஒரு காலத்தில் அந்தச் சித்தூர்க் கச்சேரியின் ஆளுகைக்குள் அடங்கியிருந்தவையே. ஆதலால் குண்டர்ட் பண்டிதர் நமக்கு அயலார் அல்லர். நம் ஜில்லாவில் வாழ்ந்து, நம் பாஷையைப் பேசி, நம் மண்ணில் இல்லறம் தொடங்கியவர்.

அவர் 1814ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 4ஆம் தேதி, வூர்ட்டெம்பர்க் நாட்டின் தலைநகராகிய ஸ்டுட்கார்ட்டிற் பிறந்தார். தந்தையார் லூட்விக் குண்டர்ட் வேதாகமச் சங்கத்தின் காரியதரிசியாய் உழைத்தவர். மைந்தர் இளமையிலேயே கிரேக்கம், இலத்தீன், எபிரேயம் ஆகிய பாஷைகளைக் கற்று, மௌல்ப்ரான் என்னும் பழைய மடத்தில் நடந்த பாடசாலையிலும், பின்பு தூபிங்கன் சர்வகலாசாலையிலும் பயின்றார். அக்காலத்தில் தூபிங்கனில் டேவிட் ஸ்திரௌஸ் என்னும் இளம் ஆசிரியரின் புதிய தத்துவ விசாரணைகள் மாணவர் உள்ளத்தைக் கலக்கின. குண்டர்ட்டும் சிறிது காலம் அக்கொள்கைகளில் ஈடுபட்டார். பின்னர்த் தம் பெற்றோரின் பக்தி மார்க்கத்திற்கே உறுதியாய்த் திரும்பினார். ஆயினும் ஆராய்ச்சி செய்யும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. எதனையும் மூலத்திற் சென்று பார்த்தாலன்றி ஒப்புக்கொள்ளாத இயல்பு அவரிடம் இறுதிவரை இருந்தது. 1835ஆம் ஆண்டில் அவர் பண்டிதர் பட்டம் பெற்றார்.

அப்போது ஆங்கில தேசத்தில் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்னும் ஒரு கனவான் இருந்தார். அவர் பல் வைத்தியம் செய்து பெரும்பொருள் ஈட்டிப் பின் அத்தொழிலைத் துறந்து பாக்தாத் நகரில் ஊழியம் செய்தவர். இந்தியாவில் வேலை செய்யக் கருதிய அவர், தம் புத்திரருக்கு ஆசிரியராய் வரத்தக்க ஒரு கல்விமானைத் தேடினார். குண்டர்ட் இசைந்தார். 1836ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் கப்பலேறிய அக்கூட்டத்தார் ஆப்பிரிக்கா கண்டத்தைச் சுற்றிக்கொண்டு ஜூலை மாதத்திற் சென்னையிற் கரையிறங்கினர். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அப்பிரயாணத்தைக் குண்டர்ட் வீணாக்கவில்லை. கப்பலிலேயே இந்திய பாஷைகளைக் கற்கத் தொடங்கியதன்றி, உடன் வந்தோர்க்கும் கற்பித்தார். அவரிடம் பாடங்கேட்டோருள் ஜூலி துபுவா என்னும் ஒரு பெண்மணியும் இருந்தார். சுவிட்சர்லாந்து தேசத்தில் பிரெஞ்சு பாஷை வழங்கும் பகுதியிற் பிறந்தவர் அவர்.

சென்னையில் சில காலம் தங்கியபின் குண்டர்ட் திருநெல்வேலிக்குச் சென்றார். அங்கே பிரஷ்ய தேசத்தவராகிய இரேனியுஸ் ஐயர் 1820ஆம் ஆண்டு முதல் உழைத்து வந்தார். தமிழிலக்கணம் எழுதியவரும் வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்தவரும் அவரே. அவருடைய பழக்கத்தால் குண்டர்ட்டின் தமிழ் நன்கு வளர்ந்தது. புத்தகத்தை மாத்திரம் கண்டு கற்ற தமிழன்று. சந்தையிலும் சாலையிலும் ஜனங்கள் வாயினின்று கேட்டுக் கற்ற தமிழ். பின்னர் அவர் சித்தூருக்கு வந்து குரோவ்ஸ் துரையின் கூட்டத்தாரோடு சேர்ந்து கிராமந்தோறுஞ் சென்று தமிழிற் பேசியும், பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வந்தார்.

அக்காலத்து வட ஆற்காட்டை நாம் மனத்திற் கற்பனை செய்து பார்த்தல் வேண்டும். இருப்புப்பாதை இல்லை, இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரையில் முதல் ரயில் வண்டி ஓடியது 1856ஆம் ஆண்டிலேதான். மாட்டு வண்டியும் பல்லக்குமே பெரியோர்க்கு வாகனம். ஏனையோர்க்குக் கால்களே துணை. பின்னாளில் நம் நாட்டில் வேரூன்றிய ஆற்காட்டு மிஷன் ஏற்பட்டது 1853ஆம் ஆண்டில். அதற்கும் 15 ஆண்டுகள் முற்பட்ட காலம் இது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்வூரில் 1838ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23ஆம் தேதி குண்டர்ட்டுக்கும் ஜூலி அம்மையாருக்கும் விவாகம் நடைபெற்றது. மணமகன் ஜெர்மானியர், மணமகள் பிரெஞ்சு பாஷையினர், அவர்களை அழைத்து வந்தவர் ஆங்கிலேயர், அவர்கள் ஜனங்களோடு பேசியது தமிழ். நான்கு பாஷைகள் ஒரு வீட்டிற் புழங்கும் வாழ்க்கை அன்று தொடங்கிற்று.

மணம் முடிந்த தம்பதிகள் சித்தூரில் நிலைத்திருக்கவில்லை. இரேனியுஸ் ஐயர் அவ்வாண்டு ஜூன் மாதத்திற் காலஞ்சென்றபடியால் அவர்கள் திருநெல்வேலிக்குச் சென்றனர். அங்கிருந்து, பாசல் மிஷனாரின் அழைப்பை ஏற்று, ஆண்டு முடிவதற்குள் மேல்கரையிலுள்ள மங்களூரை அடைந்தனர். தமஸ் லம்ஸ்டன் ஸ்ட்ரேஞ்சு என்னும் நீதிபதி தலைச்சேரிக்கடுத்த நெட்டூரில் இல்லிக்குன்னு என்ற குன்றின்மேலிருந்த தம் பங்களாவை மிஷனுக்கு ஈந்திருந்தார். 1839ஆம் ஆண்டில் குண்டர்ட் தம்பதிகள் அதிற் குடிபுகுந்தனர். அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பண்டிதரோ மலையாளத்தைக் கற்கத் தொடங்கினார்.

அதனை அவர் கற்றவிதம் நம் மாணவர் கருதத்தக்கது. அக்காலத்தில் அந்நிய தேசத்தார் பலர் ஒரு முன்ஷியை அமர்த்திக்கொண்டு, அவர் கூறும் உயர்ந்த நடையை மாத்திரம் எழுதிக்கொள்வர். குண்டர்ட் அவ்வளவில் அமையவில்லை. மீன்பிடிப்போர், தையற்காரர், உழவர், நம்பூதிரிகள், மாப்பிள்ளைமார் முதலிய பலவகையாரின் பேச்சையுங் கேட்டு, ஒவ்வொரு சொல்லும் எந்த ஊரில் எந்தச் சாதியாரிடத்து எப்பொருளில் வழங்குகிறது என்று குறித்துக்கொண்டார். ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பிரதி செய்வித்தார். பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டினார். 1847ஆம் ஆண்டில் இல்லிக்குன்னிலே கல்லச்சிற் பதிப்பித்து இராஜ்யசமாசாரம் என்னும் பத்திரிகையை வெளியிட்டார். மலையாளத்தில் முதன்முதல் தோன்றிய செய்தித்தாள் அதுவே என்பர். அவ்வாண்டிலேயே பச்சிமோதயம் என்ற மற்றொரு பத்திரிகையும் வெளிவந்தது. 1851ஆம் ஆண்டில் அவரது மலையாள இலக்கணத்தின் முற்பகுதி அச்சாயிற்று. 1857ஆம் ஆண்டில் துரைத்தனத்தார் அவரை மலையாளம், கன்னடம் ஜில்லாக்களுக்குப் பாடசாலைப் பரீக்ஷகராக நியமித்தனர்.

அவர் சித்தூரிலும் திருநெல்வேலியிலும் பெற்ற தமிழறிவு இவ்வேலைகளில் வீண்போகவில்லை. அவருடைய அகராதியைத் திறந்து பார்ப்போர், மலையாளச் சொற்களின் பக்கத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றின் இனச்சொற்கள் குறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். வடமொழியில் கலந்துள்ள திராவிடச் சொற்களைப் பற்றி 1869ஆம் ஆண்டில் அவர் ஜெர்மன் பாஷையில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். வடமொழியே தென்மொழிகளுக்குச் சொற்களை ஈந்தது என்று மாத்திரம் அறிஞர் எண்ணியிருந்த காலத்தில், தென்மொழிகளும் வடமொழிக்கு ஈந்தன என்று காட்டியது அது. கால்ட்வெல் ஐயர் 1875ஆம் ஆண்டில் தம் ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது குண்டர்ட்டின் ஆராய்ச்சிகளை நன்றியோடு எடுத்தாண்டார்.

இதுகாறும் கூறியவை அவருடைய நூல்களினின்றே அறியத்தக்கவை. இனிக் கூறுவதைக் குடும்பக் கடிதங்களே நமக்கு அறிவிக்கின்றன.

1845ஆம் ஆண்டில் குண்டர்ட் தம்பதிகள் ஐரோப்பாவுக்குச் சென்றனர். மறுபடியும் இந்தியாவுக்குத் திரும்பியபோது, மேரி முதலிய மூத்த பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தனர். வெப்ப தேசத்து நோய்களுக்கு அஞ்சியும், கல்வியின் பொருட்டும் அக்காலத்து மிஷனெரிமார் பலர் இவ்வாறு செய்தனர். மேரிக்கு அப்பொழுது நான்கு பிராயம். தலைச்சேரியில் மலையாளப் பேச்சைக் கேட்டு வளர்ந்த குழந்தை பாசல் நகரில் அயலார் வீட்டில் வளர்ந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக அக்குழந்தைக்குத் தாய் தந்தையர் என்போர் கடிதங்களில் மாத்திரமே இருந்தனர். ஒரு கடிதம் போய்ச் சேரப் பல வாரங்கள் செல்லும். விடை வரப் பின்னும் அத்தனை வாரங்கள் செல்லும். பிள்ளை நோயுற்றது என்ற செய்தி தாய்க்குக் கிடைக்குமுன் நோய் தீர்ந்திருக்கும், அல்லது தீராமலும் போயிருக்கும். ஆயிரக்கணக்கான சொற்களுக்குப் பொருள் எழுதிய அப்பண்டிதர், தம் மகள் எப்படிப் பேசுகிறாள் என்பதைச் செவியாற் கேளாமலே பல்லாண்டுகள் கழித்தார்.

1857ஆம் ஆண்டில் மேரி பதினைந்து பிராயத்தவராய் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். வரும் கப்பலில் ஓர் ஆங்கில வாலிபர் அவரை விரும்பினார், அவரும் விரும்பினார். தந்தையார் அதற்கு இசையவில்லை. பெற்றோர் அன்பை நெடுங்காலம் இழந்திருந்த மகளுக்கு, அவர்களிடம் திரும்பிய ஆண்டிலேயே இத்துயரமும் நேர்ந்தது. குண்டர்ட் பண்டிதரைப் போற்றுவோர் இதனை மறைத்தல் தகாது. தாம் உண்மை என்று கண்ட பணிக்கு அவர் தம்மை முழுவதும் கொடுத்தார். அக்காணிக்கையில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளிடமிருந்தும் எடுக்கப்பட்டது. அவர்கள் கொடுக்க இசைந்தனரா என்று எவரும் வினவினாரில்லை. மேரி அம்மையார் அதனால் மனங்கசந்து போகவில்லை. தந்தையாரின் ஊழியத்தைத் தமதாகவே மேற்கொண்டார். ஆயினும் கடிதங்களைப் படிப்போர் உள்ளத்தில் அக்கேள்வி எழாமற் போவதில்லை.

1859ஆம் ஆண்டில் தேகம் மெலிந்து நோயுற்ற குண்டர்ட் மங்களூரினின்று ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மனைவியாரும் மகளும் பின்னர் வந்து சேர்ந்தனர். அவர் மேல்கரையைப் பார்ப்பது அதுவே கடைசி. அவர் சென்று மூன்றாண்டுகளுக்குப் பின், 1862ஆம் ஆண்டில், சென்னையினின்று ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாய் மலையாளத்துப் பேப்பூர் வரையில் இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. அவர் வாழ்ந்த இரு நாடுகளையும் அது ஒன்றாக இணைத்தது. நம் ஊர்த் தோல் மூட்டைகளும் அப்பாதையில் ஏறிச் சென்னைத் துறைமுகஞ் சென்றன. ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தென்னாட்டு ஆட்டுத்தோல் ஐரோப்பாவிற் புத்தகங்களுக்கு மேலட்டை கட்டவும் உதவிற்று.

ஜெர்மனியில் அவர் கால்வ் என்னும் சிற்றூரில் அமர்ந்தார். அங்கிருந்த புத்தகப் பிரசுர சங்கத்தின் தலைமை 1862ஆம் ஆண்டில் அவரிடம் வந்தது. பகலெல்லாம் அவ்வேலை, எஞ்சிய நேரமெல்லாம் மலையாளம். வேதாகமத்தின் மொழிபெயர்ப்பைத் திருத்தினார், இலக்கணத்தை முடித்தார். 1872ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களையுடைய மலையாள ஆங்கில அகராதி மங்களூரில் அச்சாகி வெளிவந்தது. நாட்டை விட்டுப் பதின்மூன்று ஆண்டுகளாயும், அந்நாட்டுச் சொற்களை அவர் விடவில்லை.

மேரி அம்மையார் சார்லஸ் ஐஸன்பர்க் என்னும் மிஷனெரியை மணந்து சிந்து தேசம் சென்று, 1870ஆம் ஆண்டில் இரு புதல்வரோடு கைம்பெண்ணாயினார். பின்னர்க் கால்விலே தந்தையாருக்குத் துணைவராய் வந்த ஜொஹானஸ் ஹெஸ்ஸே என்பவரை 1874ஆம் ஆண்டில் மணந்தார். அவர் எஸ்தோனியா நாட்டில் குடியேறிய ஜெர்மன் மரபில் வந்தவர். மங்களூரில் நான்கு ஆண்டுகள் ஊழியம் செய்தவர். இவர்களுக்கு 1877ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி பிறந்த மகவுக்குப் பாட்டனாரின் பெயரே இடப்பட்டது. அம்மகவே பிற்காலத்து ஆசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே.

பேரனுக்கும் பாட்டனாருக்கும் நடந்த ஒரு சம்பவத்தைக் கூறாமல் விடலாகாது. பாட்டனார் பயின்ற அதே மௌல்ப்ரான் பாடசாலையிற் பேரனும் 1891ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டான். அதன் கட்டுப்பாட்டைத் தாங்காமல் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் அங்கிருந்து ஓடிப்போனான். குளிரில் இரவெல்லாம் வெளியிற் கழித்தபின் பிடிபட்டான். பெற்றோர் மனம் உடைந்தது. வீட்டிற்கு வந்தபின் பாட்டனாரைக் காணச் செல்லவேண்டியதாயிற்று. வெண்தாடியும் கல்விப் புகழும் பக்தியும் உடைய அம்முதியவர் யாது தண்டனை கூறுவாரோ என்று சிறுவன் நடுங்கினான். பண்டிதரோ அவனைக் கடிந்து கொள்ளவில்லை. மேதாவிகளுக்குரிய ஒரு சிறு யாத்திரை போய் வந்தாயாமே என்று கருத்துப்படச் சிரித்துப் பேசினார். அதற்குமேல் ஒன்றுங் கேட்டாரில்லை. தம் மகளிடத்துக் காட்டாத இளக்கத்தை மகளின் மகனிடத்துக் காட்டினார் போலும். அச்சிரிப்பை ஹெஸ்ஸே தம் முதுமையிலும் மறந்தாரில்லை.

மறுவருஷம், 1893ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 25ஆம் தேதி, 79 பிராயத்தில் குண்டர்ட் பண்டிதர் கால்விலே தேகவியோகமானார். ஜூலி அம்மையார் 1885ஆம் ஆண்டிலேயே காலஞ்சென்றிருந்தார். பேரனோ, பாட்டனாரின் கண்ணாடி அலமாரியிலிருந்த இந்தியப் பதுமைகளையும், அவர் பாடிய அந்நிய பாஷைப் பாட்டுகளையும் மனத்திற் சுமந்து வளர்ந்து, 1911ஆம் ஆண்டில் கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். இலங்கையையும் சுமாத்திராவையும் கண்டாரேயன்றி, தாயார் பிறந்த தலைச்சேரியையும், பாட்டன் பாட்டி மணம் புரிந்த சித்தூரையும் காணாமலே திரும்பினார். கண்ணாற் காணாததை எழுத்தினாற் கண்டார்.

இக்குடும்பத்தாரின் நற்குணங்களுள் ஒன்று, காகிதங்களை அழியவிடாமை. ஹெஸ்ஸேயின் சகோதரி அதேலே அம்மையார் தாயாரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கோத்து 1934ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். பண்டிதரின் நாட்குறிப்பு 1983ஆம் ஆண்டில் அச்சேறிற்று. அவர் தொகுத்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் தூபிங்கன் சர்வகலாசாலைப் புத்தகசாலையிற் பத்திரமாயிருந்தன. பையனூர்ப்பாட்டு என்னும் பழைய மலையாளப் பாட்டு அவற்றுள்ளிருந்தே கேரள நாட்டாருக்குத் திரும்பக் கிடைத்தது. 2018ஆம் ஆண்டில் அச்செல்வங்கள் யாவும் இணையத்தின் வழியாய் உலகத்தார் அனைவரும் படிக்கத் திறந்து வைக்கப்பட்டன. ஒருவர் வீட்டுக் காகிதம் ஒரு நாட்டின் இலக்கியத்தையே காப்பாற்றியது.

மாணவ அன்பர்களே! நம் தோல்ஷாப்புகளில் நடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈரத் தோலை உப்பிடாமல் ஓரிரவு விட்டால் மறுநாள் அது அழுகும். காலத்தில் உப்பிட்டு, சுண்ணாம்புக் குழியிலும் பட்டை நீரிலும் ஊறவைத்தால் தலைமுறை கடந்து நிற்கும். குடும்ப நினைவும் அத்தன்மையதே. நம் வீடுகளிலும் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் போர்முனையிலிருந்தும் வந்த கடிதங்கள் பரண்மேற் கிடக்கின்றன. அவற்றைப் பழைய காகிதக்காரனுக்கு எடை போடுமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். தேதியையும் ஊரையும் பெயர்களையும் குறித்துக்கொண்டு, வீட்டிலுள்ள மூத்தோரிடம், அவர்கள் இருக்கும்போதே, கேட்டு எழுதுங்கள். அப்பெயர்களுக்கு உரியவர்களின் புகழை மாத்திரமன்றி, அவர்கள் பொருட்டுப் பிறர் பொறுத்த துயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். குண்டர்ட் பண்டிதரின் அகராதியை நாம் மதிக்கிறோம். பாசல் நகரில் கடிதத்திற்குக் காத்திருந்த நான்கு பிராயக் குழந்தையையும் மறவாதிருப்போமாக.